குவைத் வெயிலும் வாத்தியார் வேலையும்: விமானம் ஏறும் முன் படிக்க வேண்டியது

குவைத்திலோ துபாயிலோ மஸ்கட்டிலோ ஒரு இந்தியப் பள்ளியில் ஆசிரியர் வேலை கிடைத்து, விசாவுக்குக் காத்திருக்கிறீர்கள், வீட்டில் ஆளாளுக்கு "அங்கே 50 டிகிரி அடிக்குமாமே" என்று பயமுறுத்துகிறார்கள் என்றால் இதை ஒரு தடவை முழுசாகப் படித்துவிடுங்கள். நான் வேலை பார்ப்பது குவைத்தில், அதனால் பெரும்பாலும் குவைத்தை வைத்தே சொல்கிறேன். மற்ற ஊர்களில் எங்கே மாறும் என்பதை அங்கங்கே சொல்லிவிடுகிறேன்.

50 டிகிரி பொய் இல்லை. 2016 ஜூலை 21 அன்று குவைத்தின் மித்ரிபாவில் பதிவான 53.9 டிகிரியை உலக வானிலை அமைப்பு சோதித்துப் பார்த்து ஏற்றுக்கொண்டிருக்கிறது, ஆசியாவிலேயே அதிகபட்சம் அதுதான். அதுவும் நிழலில் கருவியை வைத்து எடுக்கிற கணக்கு. வெயிலில் கிடக்கிற தார்ரோடு, பள்ளி முற்றத்து சிமெண்டுத் தரை, செயற்கைப் புல் எல்லாம் அதைவிட எவ்வளவோ மேலே போகும். ஆனால் ஜூலையில் உங்களுக்குப் பள்ளியே கிடையாது. இந்தியப் பள்ளிகளில் ஏப்ரலில் வருஷம் தொடங்கும், ஜூனிலோ ஜூலை தொடக்கத்திலோ கோடை விடுமுறை விடுவார்கள், தேதி நாட்டுக்கு நாடு, பள்ளிக்குப் பள்ளி மாறும். ஆக ஆசிரியரை வாட்டுகிற மாதங்கள் மே, ஜூன், அப்புறம் திரும்பி வந்ததும் வருகிற செப்டம்பர். அதிலும் நாள் முழுக்க வெயிலில் நிற்கப் போவதில்லை. காலையில் பஸ்ஸுக்கு நிற்கிற நேரம், இடைவேளை டியூட்டி, பள்ளி விட்டதும் பஸ் டியூட்டி, வீட்டு வாசலில் இறங்கி நடக்கிற தூரம், இவ்வளவுதான். வகுப்பில் ஏசி ஓடும், வீட்டில் ஏசி ஓடும். அதனால் நான் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: வெப்பமானியைப் பார்க்காதீர்கள், உங்கள் டைம்டேபிளைப் பாருங்கள். எந்த நேரத்தில் வெளியே நிற்கிறீர்கள், எந்த நேரத்தில் தண்ணீர் குடிக்க முடியாமல் மாட்டிக்கொள்கிறீர்கள் என்று அதிலே தெரிந்துவிடும். கீழே சொல்கிற எல்லாமே அந்த இரண்டு கேள்வியைச் சுற்றித்தான்.

"நாங்க வேலூர்க்காரங்க, எங்களுக்கா வெயில்?"

இந்த வீரவசனத்தை வருஷா வருஷம் கேட்கிறேன். வேலூர், திருத்தணி, கரூர் ஆட்கள் கத்திரி வெயிலில் 42 டிகிரியைப் பார்த்தவர்கள்தான், மறுக்கவில்லை. வித்தியாசம் என்னவென்றால் அங்கே வெயிலோடு வாழ்கிறோம். ஃபேன்தான், வேர்வைதான், மத்தியானம் திண்ணையில் படுக்கைதான், உடம்பும் அதற்குப் பழகிவிடுகிறது. சூட்டுக்குப் பழகிய உடம்பு சீக்கிரமே வேர்க்க ஆரம்பிக்கும், வேர்வையில் உப்பைக் குறைவாக விடும். அப்படிப் பழக ஒன்றிரண்டு வாரம் தினமும் சூட்டில் இருந்தாக வேண்டும், விட்டுவிட்டால் சில வாரங்களிலேயே போய்விடும். இங்கே நீங்கள் 20 டிகிரி அறையிலேயே குடியிருந்துவிட்டு, திடீரென்று 46 டிகிரியில் இருபது நிமிஷம் நிற்கிறீர்கள். உடம்பு பழகவே சந்தர்ப்பம் இல்லை. பல வருஷம் இருக்கிற சீனியர்களும் பஸ் டியூட்டியில் தலை சுற்றி உட்காருவது இதனால்தான்.

இதற்கு ஒரு எளிய வழி உண்டு, வந்த முதல் இரண்டு வாரம் மட்டும் செய்தால் போதும். சூரியன் இறங்கின பிறகு, ஏழு ஏழரைக்கு மேல், தினமும் அரை மணி நேரம் மெதுவாக நடங்கள். அந்த நேரத்திலும் செப்டம்பரில் 35க்கு மேல்தான் இருக்கும், வேர்க்கும், வேர்க்கட்டும். வீட்டு ஏசியை 18ல் வைக்காமல் 24, 25ல் வையுங்கள். இருதய நோய், சர்க்கரை, பிரஷர் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

எந்த ஊர் என்பதும் முக்கியம்

குவைத்தும் ரியாத்தும் காய்ந்த சூடு. வடமேற்கிலிருந்து வீசுகிற ஷமால் காற்று அடுப்பைத் திறந்தமாதிரி முகத்தில் அடிக்கும், ஆனால் வேர்வை உடனே ஆவியாகிவிடுவதால் உடம்பு கொஞ்சம் தப்பிக்கும். சட்டை நனையாது, "எனக்கு வேர்க்கவே இல்லையே" என்று தோன்றும், அதுதான் ஆபத்து, ஏனென்றால் தண்ணீர் போய்க்கொண்டேதான் இருக்கிறது. துபாய், தோஹா, மனாமா, தம்மாம், மஸ்கட் எல்லாம் கடலோரப் புழுக்கம். அங்கே 38 டிகிரியே குவைத்தின் 46ஐவிட மோசமாக இருக்கும் நாட்கள் உண்டு, வேர்வை ஒழுகுமே தவிரக் காயாது, காயாத வேர்வை உடம்பைக் குளிர வைக்காது. ஓமானில் குரியாத் என்ற ஊரில் 2018 ஜூன் 26 அன்று 24 மணி நேரத்தில் ஒரு நொடிகூட வெப்பம் 42.6 டிகிரிக்குக் கீழே இறங்கவில்லை, நடுராத்திரி உட்பட. ஆகவே கடலோர ஊரில் இருப்பவர்கள் போனில் வெறும் வெப்பநிலையைப் பார்க்காமல் "உணரும் வெப்பம்" எவ்வளவு என்று பாருங்கள். கண்ணாடி போடுகிறவர்களுக்கு இன்னொரு தொல்லை: ஏசி அறையிலிருந்து வெளியே வந்ததும் கண்ணாடி முழுக்கப் பனி படர்ந்து எதுவுமே தெரியாது, படிக்கட்டில் அவசரமாக இறங்காதீர்கள்.

ஓமானின் சலாலாவில் வேலை கிடைத்தவர்கள் இந்தக் கட்டுரையை மூடிவிட்டுப் போகலாம். ஜூன் முதல் செப்டம்பர் வரை அங்கே சாரல் காலம், மலையெல்லாம் பச்சை. அதிர்ஷ்டசாலிகள்.

தண்ணீரும் பாத்ரூமும்

இதைப்பற்றி யாரும் நேர்முகத் தேர்வில் சொல்ல மாட்டார்கள், ஆனால் வளைகுடா ஆசிரியர்களின் முதல் உடல்நலப் பிரச்சினை என்று என்னைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன். தொடர்ந்து நான்கு பீரியட், வகுப்பை விட்டு நகர முடியாது, பாத்ரூம் கீழ்த்தளத்தில். என்ன செய்கிறார்கள்? தண்ணீரே குடிக்காமல் இருந்துவிடுகிறார்கள். குறிப்பாகப் பெண் ஆசிரியர்கள். நாலாவது பீரியடில் தலைவலி, மத்தியானம் எரிச்சல், எதற்கெடுத்தாலும் பிள்ளைகள்மேல் பாய்ச்சல், சாயங்காலம் காய்ச்சல் வருகிற மாதிரி ஒரு அசதி. கொஞ்ச மாதத்தில் நீர்க்கடுப்பு, சிறுநீர்த் தொற்று. வருஷக்கணக்கில் போனால் சிறுநீரகக் கல். சூடான நாடுகளில் கல் அதிகம் வருவது ஊரறிந்த சங்கதி.

ஆகவே தண்ணீரை டைம்டேபிளோடு சேர்த்துக் குடியுங்கள். காலையில் எழுந்ததும் ஒரு பெரிய டம்ளர், அது பஸ் ஏறுவதற்கு முன்பே இறங்கிவிடும். டிபனோடு இன்னொன்று. வகுப்பில் ஒவ்வொரு மணி அடிக்கும்போதும் நாலைந்து மடக்கு, தாகம் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும். உங்களுக்கு ஃப்ரீ பீரியட் மூன்றாவது என்றால் இரண்டாவது பீரியடின் தொடக்கத்திலேயே அரை பாட்டில் குடித்துவிடுங்கள், சரியாக ஃப்ரீ பீரியடில் பாத்ரூம் போகலாம். பஸ் டியூட்டிக்கு அரை மணி முன்னால் ஒரு டம்ளர், முடிந்ததும் ஒரு டம்ளர். எவ்வளவு என்று கணக்குப் பார்ப்பதைவிட சிறுநீரின் நிறத்தைப் பாருங்கள். வைக்கோல் நிறத்தில் இருந்தால் சரி, தேன் நிறத்துக்குப் போனால் தண்ணீர் போதவில்லை. பக்கத்து வகுப்பு ஆசிரியரோடு முதல் வாரத்திலேயே ஒரு ஒப்பந்தம் போட்டுக்கொள்ளுங்கள்: "மேடம், நீங்க போயிட்டு வர்ற ரெண்டு நிமிஷம் நான் ரெண்டு கிளாஸையும் பாத்துக்கறேன், எனக்கு நீங்க பாத்துக்கங்க." சின்ன விஷயம்தான், ஆனால் இதுதான் பலருடைய சிறுநீரகத்தைக் காப்பாற்றியிருக்கிறது என்று நினைக்கிறேன்.

வெறும் தண்ணீரையே லிட்டர் லிட்டராக ஒரே மூச்சில் குடிப்பதும் நல்லதில்லை. வேர்வையில் உப்பும் போகிறது, உப்பில்லாமல் தண்ணீரை மட்டும் ஊற்றினால் ரத்தத்தில் சோடியம் குறைந்து மயக்கம் வரும். நம் மோரைவிட நல்ல மருந்து கிடையாது. எந்த பகாலாவுக்குப் (இங்கே மளிகைக் கடைக்கு அதுதான் பெயர்) போனாலும் லபன் என்கிற கெட்டி மோர் கிடைக்கும், அதில் பாதித் தண்ணீர் கலந்து, உப்பு, இஞ்சி, கறிவேப்பிலை போட்டால் வீட்டு மோரேதான். ராத்திரி சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்து, காலையில் நீராகாரமாகக் குடித்துவிட்டுக் கிளம்புகிற கணக்கு வாத்தியார்கள் இங்கே உண்டு, கேலி செய்யாதீர்கள், ஐந்தரை மணிக்கு வயிற்றில் வேறு எதுவும் இறங்காது. ஓஆர்எஸ் பாக்கெட் இரண்டைப் பையில் போட்டு வையுங்கள். பாக்கெட் இல்லாவிட்டால் ஒரு லிட்டர் தண்ணீரில் தலை தட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. இது வாந்தி, பேதி, நிறைய வேர்த்த நாளுக்கு மட்டும். பிரஷர், சர்க்கரைக்காரர்கள் தினமும் குடிக்க வேண்டாம். டீ, காபி குடித்தால் தண்ணீர் வற்றிவிடும் என்பது ரொம்ப மிகைப்படுத்தப்பட்ட பயம், இரண்டு கப் குடித்தால் ஒன்றும் ஆகாது. கடக் டீயில் போடுகிற சர்க்கரைதான் கவலைப்பட வேண்டிய விஷயம்.

ரமலானில் பகலில் பொது இடத்தில் தண்ணீர் குடிக்கக் கூடாது, குவைத்தில் அது சட்டம். நோன்பு மாதம் ஒவ்வொரு வருஷமும் சுமார் 11 நாள் முன்னால் நகர்வதால் இப்போதைக்கு அது குளிர்காலப் பக்கம் போய்விட்டது. 2015, 2016ல் ஜூன் மாதத்தில் நோன்பு வந்த காலத்தில் இங்கே இருந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள், கதை கதையாகச் சொல்வார்கள்.

டியூட்டி

குவைத்தில் ஜூனில் சூரியன் ஐந்து மணிக்கு முன்பே உதித்துவிடும், உச்சி வெயில் 12க்குச் சற்று முன்பே வந்துவிடும். காலை ஏழு மணி அசெம்பிளி என்றால் நம் ஊர் ஒன்பது மணி வெயில் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான பள்ளிகள் மே மாதத்தில் அசெம்பிளியை வகுப்பறைக்கே மாற்றிவிடுகின்றன, ஒலிபெருக்கியில் பிரார்த்தனை முடிந்துவிடும். அப்படி மாற்றாத பள்ளியாக இருந்தால் மேலதிகாரியிடம் கேட்கத் தயங்காதீர்கள். கேட்பதற்கு நல்ல பிடி ஒன்று இருக்கிறது: குவைத்தில் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை காலை 11 முதல் மாலை 4 வரை வெட்டவெளியில் வேலை வாங்கக் கூடாது என்று விதி உண்டு. அமீரகத்தில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை 12:30 முதல் 3 மணி வரை. கட்டட வேலை, ரோடு வேலையை மனதில் வைத்து வந்த விதிதான், உங்கள் டியூட்டிக்கு நேராகப் பொருந்தும் என்று சொல்லவில்லை. ஆனால் "சார், வெளி வேலையே நிறுத்தச் சொல்லியிருக்கிற நேரத்தில் யுகேஜி பிள்ளைகளை முற்றத்தில் வரிசையில் நிறுத்துகிறோமே" என்று பணிவாகக் கேட்டால் எந்த பிரின்சிபாலுக்கும் பதில் சொல்வது கஷ்டம். தனியாகக் கேட்காமல் நாலு பேராகச் சேர்ந்து, மின்னஞ்சலாக எழுதிக் கேளுங்கள்.

பஸ் டியூட்டியில் செய்ய வேண்டியது: குடை. ஆண் ஆசிரியர்கள் குடை பிடிக்க வெட்கப்படுகிறார்கள், எதற்கென்றே தெரியவில்லை. வெள்ளை அல்லது வெள்ளி நிற உட்புறம் கொண்ட குடை 20 நிமிஷ டியூட்டியின் தன்மையையே மாற்றிவிடும். கட்டட நிழல் மத்தியானம் எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்த்து பிள்ளைகளின் வரிசையை அங்கே போடச் சொல்லுங்கள். பஸ் டிரைவரிடம் நட்பாக இருங்கள், மணி அடிப்பதற்குப் பத்து நிமிஷம் முன்னால் ஏசியைப் போட்டு வைக்கச் சொன்னால் செய்துகொடுப்பார்கள். அவர்களுக்கும் தண்ணீர் பாட்டில் ஒன்று கொடுங்கள், அவர்கள் நிற்பது உங்களைவிட அதிக நேரம். மத்தியானம் தெற்கே, ஃபஹாஹீல், மங்காஃப் பக்கம் போகிற பஸ் என்றால் இடப்பக்க ஜன்னலில் உட்காருங்கள், வெயில் வலப்பக்கம்தான் அடிக்கும்.

பஸ் விஷயத்தில் ஒன்றே ஒன்றில் மட்டும் சமரசமே வேண்டாம். காலையில் பிள்ளைகள் இறங்கிய பிறகு கடைசி சீட் வரை நடந்துபோய்ப் பாருங்கள், சீட்டுக்கு அடியிலும். உங்களுக்கு அந்த டியூட்டி இல்லாவிட்டாலும், அதே பஸ்ஸில் வந்தவர் என்றால், நீங்களும் ஒரு தடவை பாருங்கள். 2022 செப்டம்பரில் கத்தாரில் நான்கு வயது இந்தியக் குழந்தை ஒன்று பஸ்ஸில் தூங்கிவிட்டது, யாரும் பார்க்காமல் கதவைப் பூட்டிவிட்டுப் போய்விட்டார்கள், குழந்தை பிழைக்கவில்லை. மூடிய வண்டிக்குள் சூடு நிமிஷக் கணக்கில் ஏறும். முதல் பீரியட் வருகைப் பதிவில் ஒரு பிள்ளை வரவில்லை என்றால் "லீவு போல" என்று விட்டுவிடாமல் அப்போதே ஆபீசுக்குச் சொல்லுங்கள், அவர்கள் வீட்டுக்குப் போன் போடட்டும்.

வகுப்புக்குள்ளே

ஏசி நன்றாக ஓடுகிற வகுப்பில் இரண்டு சிக்கல். ஒன்று, பி.டி. பீரியட் முடிந்து வேர்க்க விறுவிறுக்க ஓடிவருகிற பிள்ளைகள் நேராக ஏசிக்கு அடியில் போய் நிற்பார்கள். முதல் ஐந்து நிமிஷம் பாடம் எடுக்காதீர்கள், எல்லோரும் உட்கார்ந்து தண்ணீர் குடிக்கட்டும், முகம் துடைக்கட்டும். யார் முகம் வெளிறியிருக்கிறது, யார் பேசாமல் சாய்ந்து கிடக்கிறார்கள் என்று அப்போது தெரிந்துவிடும். இரண்டு, உங்கள் குரல். நாள் முழுக்கக் காய்ந்த ஏசிக் காற்றில் கத்திப் பாடம் நடத்தினால் ஒரு மாதத்தில் தொண்டை கரகரத்துவிடும். சின்ன மைக் ஒன்றை இடுப்பில் மாட்டிக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள், விலை அதிகமில்லை. ஐஸ் தண்ணீர் வேண்டாம், வெதுவெதுப்பான தண்ணீர் ஒரு ஃபிளாஸ்க்கில் வையுங்கள். கான்டாக்ட் லென்ஸ் போடுகிறவர்கள் கண்ணுக்கு சொட்டு மருந்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஏசி நின்றுவிட்டால்? நிற்கும். 2024 ஜூனில் மின்சாரம் போதாமல் குவைத்தில் முறைவைத்து மின்வெட்டு செய்தார்கள், எண்ணெய் நாட்டில் கரண்ட் கட்டா என்று ஊரே ஆச்சரியப்பட்டது. வெளியே 45 இருக்கும்போது நம் ஊர்ப் பழக்கத்தில் ஜன்னலைத் திறந்தால் அனல்தான் உள்ளே வரும். திரையை இழுத்து மூடுங்கள், விளக்கையும் புரொஜெக்டரையும் அணையுங்கள், உடனே ஆள் அனுப்பி ஆடிட்டோரியம், நூலகம், லேப் எங்கே ஏசி ஓடுகிறது என்று பார்த்து வகுப்பையே கூட்டிக்கொண்டு போங்கள். பாடத்தை முடிப்பதில் பிடிவாதம் வேண்டாம். கைக்குட்டையை நனைத்துப் பின்கழுத்தில் போடச் சொல்லுங்கள். ஒன்று நினைவிருக்கட்டும்: காற்றின் சூடு 40ஐத் தாண்டிய காய்ந்த அறையில் வெறும் ஃபேன் உடம்பைக் குளிர வைக்காது, சூட்டைத்தான் மேலே தள்ளும். தோலை நனைத்துக்கொண்டு ஃபேன் போட்டால்தான் பலன்.

ஆஸ்துமா, வலிப்பு, இருதயக் கோளாறு உள்ள பிள்ளைகளின் பட்டியலைப் பள்ளி நர்ஸிடம் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். புழுதிக்காற்று வீசும் நாட்களில் ஆஸ்துமாப் பிள்ளைகளை வெளியே விடாதீர்கள், வானமே செம்மண் நிறமாகிவிடும், சில சமயம் பள்ளிக்கே லீவு விட்டுவிடுவார்கள். அப்படி ஒரு காற்று அடித்த மறுநாள் ஏசி ஃபில்டரைக் கழுவச் சொல்லிப் பராமரிப்பு ஆட்களை விரட்ட வேண்டியது வகுப்பாசிரியர் வேலை, வேறு யாரும் செய்ய மாட்டார்கள்.

உடுப்பு

ஊரிலிருந்து வரும்போது சிந்தெடிக் சேலைகளை அடுக்கிக்கொண்டு வராதீர்கள். மடிப்புக் கலையாது என்று கொண்டு வருகிறார்கள், அப்புறம் மே மாதத்தில் படுகிற பாடு. மெல்லிய பருத்தி, லினன், முழுக்கை. காய்ந்த வெயிலில் தோலை மூடுவதுதான் நல்லது, அரபிகள் காலங்காலமாகத் தளர்வான முழு அங்கி போடுவது சும்மா இல்லை. ஆண்களுக்கு டை கட்டாயம் என்கிற பள்ளிகள் உண்டு, டியூட்டி நேரத்தில் கழற்ற அனுமதி கேளுங்கள். உள்ளே ஏசி குளிருக்கு ஒரு மெல்லிய சால்வையோ ஸ்வெட்டரோ நாற்காலியில் எப்போதும் தொங்கட்டும். 46 டிகிரி ஊருக்கு ஸ்வெட்டர் கொண்டு போகச் சொல்கிறேன் என்று வீட்டில் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

இவ்வளவு வெயில் ஊரில் இருந்துகொண்டு பலருக்கு வைட்டமின் டி குறைவு. வெயிலுக்குப் பயந்து யாரும் வெளியே வருவதில்லையே. வருஷத்துக்கு ஒரு தடவை ரத்தப் பரிசோதனையில் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வீடும் வண்டியும்

வீடு பார்க்கும்போது மேல்மாடியும் மேற்குப் பார்த்த படுக்கையறையும் வாடகை குறைவு என்றாலும் வேண்டாம். மொட்டை மாடித் தொட்டியிலிருந்துதான் குழாய்த் தண்ணீர் வருகிறது, மே மாதத்திலிருந்து "குளிர்ந்த" குழாயைத் திறந்தால் கை வெந்துவிடுகிற மாதிரி தண்ணீர் வரும். இதற்கு இங்கே எல்லோரும் செய்கிற தந்திரம்: கோடையில் வாட்டர் ஹீட்டர் சுவிட்சை அணைத்துவிடுவது. ஹீட்டரின் தொட்டி வீட்டுக்குள் ஏசியில் இருப்பதால் அதில் தேங்கிய தண்ணீர் ராத்திரியில் ஆறிவிடும். காலையில் சுடுதண்ணீர்க் குழாயைத் திறந்தால் ஒரு ஆள் குளிக்கிற அளவுக்கு மிதமான தண்ணீர். இரண்டாவது ஆளுக்கு ராத்திரியே பக்கெட்டில் பிடித்து வைத்துவிட வேண்டும்.

துபாயில் வீடு எடுக்கிறவர்கள் "சில்லர் ஃப்ரீ"யா என்று முதலில் கேளுங்கள், ஏசிக்குத் தனி பில் வந்தால் வாடகைக் கணக்கே தலைகீழாகிவிடும்.

கார் வாங்கினால் முன்கண்ணாடிக்கு மறைப்பு, ஸ்டியரிங்மேல் ஒரு துண்டு. ஏறியதும் ஏசியைப் போட்டுக் கதவை மூடிக்கொள்ளாமல் ஒரு நிமிஷம் ஜன்னலைத் திறந்து ஓட்டி அனலை வெளியே தள்ளுங்கள். சென்ட் பாட்டில், லைட்டர், பவர் பேங்க், மாத்திரை எதையும் வண்டியில் விடாதீர்கள். இன்சுலின் போடுகிறவர்கள் அதை சின்ன ஐஸ் பையில் கூடவே எடுத்துக்கொண்டு போங்கள், வண்டியில் பத்து நிமிஷம்கூட வேண்டாம். பேட்டரி இங்கே இரண்டு வருஷம் தாங்கினால் பெரிய விஷயம், மே மாதத்துக்கு முன்பே ஒரு தடவை சோதித்துவிடுங்கள்.

யாராவது விழுந்துவிட்டால்

தலைசுற்றல், குமட்டல், ஏராளமாக வேர்வை, கை கால் பிடித்து இழுப்பது, இது வெப்பக் களைப்பு. நிழலுக்கோ ஏசிக்கோ கொண்டு போய்ப் படுக்க வைத்து, காலை உயர்த்தி, துணியைத் தளர்த்தி, மோரோ ஓஆர்எஸ்ஸோ கொடுத்தால் அரை மணியில் சரியாகும். சரியாகவில்லை என்றாலோ, ஆள் உளறுகிறார், தடுமாறுகிறார், வலிப்பு வருகிறது, கூப்பிட்டால் பதில் இல்லை என்றாலோ அது வெப்ப அடி (ஹீட் ஸ்ட்ரோக்). உடம்பு 40 டிகிரியைத் தாண்டிவிட்டது, ஒவ்வொரு நிமிஷமும் கணக்கு. வேர்வை நின்றிருக்கும் என்று எதிர்பார்த்துக்கொண்டு இருக்காதீர்கள், வேர்த்துக்கொண்டே வெப்ப அடி வரும். ஒருவர் ஆம்புலன்ஸைக் கூப்பிட, மற்றவர் அங்கேயே குளிர வைக்கத் தொடங்க வேண்டும். உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள், கழுத்து, அக்குள், தொடையிடுக்கில் ஐஸ் வையுங்கள், கேன்டீனில் ஐஸ் இருக்கும். நினைவு சரியில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாயில் போய்விடும். பாராசிட்டமால் இதற்கு வேலை செய்யாது. குவைத்தில் 112, அமீரகத்தில் 998, சவூதியில் 997, ஓமானில் 9999, கத்தாரிலும் பஹ்ரைனிலும் 999. இவற்றில் உங்கள் ஊர் எண்ணை இப்போதே போனில் போட்டுவிடுங்கள்.

பிரஷருக்கு நீர் பிரிக்கிற மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இந்த ஊருக்கு வருமுன் டாக்டரிடம் சொல்லிவிட்டு வாருங்கள். அளவை மாற்ற வேண்டியிருக்கலாம், நீங்களாக நிறுத்தாதீர்கள்.

லீவுக்கு ஊருக்குப் போகும்போது

பள்ளி மூடுகிற வாரத்தில் டிக்கெட் விலை கண்ணைக் கட்டும், பலர் பத்து நாள் தள்ளிக் கிளம்புகிறார்கள். அந்தப் பத்து நாள் பகலில் வெளியே போகவே வேண்டாம், கடை கண்ணியெல்லாம் ராத்திரி எட்டு மணிக்கு மேல். கிளம்பும்போது மெழுகுவர்த்தி, மாத்திரை, பேட்டரி, லேப்டாப், மசாலாப் பொட்டலம் எல்லாவற்றையும் ஜன்னலோரத்திலிருந்து எடுத்து உள்ளறை அலமாரியில் வையுங்கள், ஏசி இல்லாத பூட்டிய வீடு ஆகஸ்டில் எவ்வளவு சூடாகும் என்று திரும்பி வந்தால்தான் தெரியும். கார் பேட்டரியின் ஒரு ஒயரைக் கழற்றிவிடுங்கள். திரும்பி வருகிற ராத்திரி ஏசியைப் போட்டாலும் சுவரெல்லாம் சுட்டுக்கிடப்பதால் வீடு ஆறுவதற்கு மணிக்கணக்காகும், குழாயில் கொதிதண்ணீர்தான் வரும், மறுநாள் காலை ஐந்தரைக்குப் பள்ளி பஸ். ஆகவே சாவியைப் பக்கத்து வீட்டு அக்காவிடமோ ரூம்மேட்டிடமோ கொடுத்துவிட்டுப் போங்கள், நீங்கள் விமானம் ஏறுகிற அன்று மெசேஜ் போட்டால் அவர்கள் ஏசியைப் போட்டு, இரண்டு பக்கெட் தண்ணீர் பிடித்து வைத்திருப்பார்கள். ஊரிலிருந்து வரும்போது அவர்களுக்கு ஒரு பாட்டில் நன்னாரி சர்பத் வாங்கி வந்துவிடுங்கள், அடுத்த வருஷமும் சாவி கொடுக்க வேண்டியிருக்கும்.